விழா மலருக்கு எழுதாத கட்டுரை

எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணிக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. பதினேழு பேர். பொங்கல் வாழ்த்து, குழந்தைகளின் பிறந்தநாள், யாராவது ஊருக்கு வந்தால் ஒரு புகைப்படம் என்று தூங்கி வழியும் குழு அது. சில மாதங்களுக்கு முன் திடீரென்று விழித்துக்கொண்டது. கோச் சாருக்கு எழுபது வயது ஆகிறது, மண்டபம் பிடித்து விழா எடுக்கிறோம், ஆளுக்கு இரண்டாயிரம், கூடவே ஒரு மலரும் போடுகிறோம் என்று முடிவானது. "நீதானடா எழுதுறவன், ரெண்டு பக்கம் நல்லா எழுதிக் குடு" என்றார்கள். சரி என்று கட்டைவிரலைப் போட்டேன்.

முதல் பத்தி தடையில்லாமல் வந்தது. காலை ஐந்தரை மணி, பனி இறங்கிய சிமெண்ட் தரை, வலையில்லாத இரும்பு வளையம், தூரத்தில் வரும் அவருடைய டி.வி.எஸ் 50 சத்தம். இரண்டாவது பத்தியில் விசில் கயிறு வந்தது. அதை இரண்டாக மடித்துப் பிடித்திருப்பார். பாஸைத் தவறவிட்டால் பின்தொடையில் ஒன்று. டிஃபென்ஸில் கை இறங்கினால் இரண்டு. எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் இது தெரியும். "கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த காலம். நாங்கள் மாவட்டத்தில் ஜெயித்தோம், மண்டலத்தில் ஜெயித்தோம். அந்தச் சான்றிதழில்தான் எனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி கிடைத்தது. அதனால் அடுத்து என்ன வாக்கியம் வரவேண்டும் என்று எனக்கே தெரியும். குழுவில் மாதம் ஒருமுறையாவது யாராவது சொல்வதுதான்: "அன்னிக்கு அவர் அடிக்கலேன்னா இன்னிக்கு நான் இல்லை."

அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை. எழுதப் போகும்போதெல்லாம் பாப் நைட் குறுக்கே வந்தார்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பின்தொடராதவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பின்தொடர்பவர்களுக்கு நாற்காலி ஞாபகம் வரும். 1985 பிப்ரவரி 23. புளூமிங்டன் நகரில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கம். எதிரணி, அதே மாநிலத்தின் பர்டியூ. ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. நடுவரின் தீர்ப்பில் கோபம் வந்து நைட் கத்துகிறார், டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்கிறார்கள். பர்டியூ வீரர் ஃப்ரீ த்ரோ போடப் போகிற நேரத்தில், நைட் தான் உட்கார்ந்திருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி ஆடுகளத்தின் குறுக்கே எறிகிறார். அது வழுக்கிக்கொண்டே மறுபக்கம் போகிறது. யூடியூபில் இருக்கிறது, பாருங்கள். எனக்கு அதில் நாற்காலியைவிட அரங்கத்தின் சத்தம்தான் முக்கியமாகப் படுகிறது. கூட்டம் ஆரவாரம் செய்கிறது. ஒரு ஆட்டத் தடை விதித்தார்கள். அதன்பின் பல ஆண்டுகள் அவரே அதைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

நைட் 1940இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வே வேலை, அம்மா ஆசிரியை. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் 1960இல் தேசியப் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தார், ஆனால் பெரும்பாலும் பெஞ்சில். ஜெர்ரி லூகஸும் ஜான் ஹாவ்லிசெக்கும் ஆடிய அணியில் இவருக்கு இடம் கிடைப்பது கஷ்டம்தான். நல்ல பயிற்சியாளர்கள் பலர் பெஞ்சில் உட்கார்ந்தவர்களாகவே இருக்கிறார்கள். ஆட்டம் கைக்கு எட்டாதபோது கண் கூர்மையாகும்போல. 24 வயதில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். "ஜெனரல்" என்ற பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. 1971இல் இண்டியானா. அங்கே 29 பருவங்கள்.

அந்த 29 பருவங்களில் 662 வெற்றிகள், 3 தேசியப் பட்டங்கள்: 1976, 1981, 1987. இதில் 1976 அணி 32 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அதற்குப் பிறகு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, ஆண்கள் முதல் பிரிவில் எந்த அணியாலும் தோல்வியே இல்லாமல் பட்டம் வெல்ல முடியவில்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் அமெரிக்க அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். கல்லூரி மாணவன் மைக்கேல் ஜோர்டன் அந்த அணியில் இருந்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் வீரர்களுக்குத் திருட்டுத்தனமாகப் பணம் கொடுப்பதும், படிக்காமலே பாஸ் போடவைப்பதும் பழைய நோய். நைட் அதில் கை வைக்கவில்லை. வகுப்புக்குப் போகாதவன் ஆட முடியாது. பல்கலைக்கழக நூலகத்துக்காகப் பணம் திரட்டினார். 1981 பட்டம் வென்ற அணியின் லாண்டன் டர்னர் அதே கோடையில் கார் விபத்தில் சிக்கி, மார்புக்குக் கீழே உணர்விழந்து போனார். அவருடைய சிகிச்சைக்காக நிதி திரட்ட முன்னால் நின்றவர் நைட். அடுத்த ஆண்டு பாஸ்டன் செல்டிக்ஸ், இனி ஒருபோதும் ஆட முடியாத டர்னரைத் தன் வீரராகத் தேர்வு செய்து கௌரவித்தது. அதற்குப் பின்னாலும் நைட்டின் வேண்டுகோள் இருந்தது.

ஆக இவரை ஒரு வில்லனாக வரைந்துவிட்டுப் போக முடியாது. அப்படிப் போக முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. அவரிடம் ஆடியவர்களில் ஏராளமானோர் அவரைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்துப் பேசுகிறார்கள். பொய்யாகப் பேசவில்லை.

அவர் கற்பித்த ஆட்டமுறையில் எனக்கு ஒரு புதிர் உண்டு. "மோஷன் அஃபென்ஸ்" என்பார்கள். முன்கூட்டியே வரைந்து வைத்த நகர்வுகளை மனப்பாடம் செய்து ஆடுவதில்லை. எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்து, அந்த நொடியில் தானே முடிவெடுத்து நகரவேண்டும். ஐந்து பேரும் ஒரே சமயத்தில் யோசிக்கவேண்டும். சொன்னதைச் செய்பவனுக்கு இது வராது, சுதந்திரமாக யோசிப்பவனுக்குத்தான் வரும். இதைப் போய் அவர் பயத்தின் வழியாகக் கற்பித்தார். 1985-86 பருவம் முழுக்க அணியோடு கூடவே இருந்த பத்திரிகையாளர் ஜான் ஃபைன்ஸ்டீன் எழுதிய புத்தகத்தில் அந்தப் பயிற்சிக்கூடத்தின் வசைகள் வரிக்கு வரி இருக்கின்றன. புத்தகம் அமோகமாக விற்றது. நைட் அவரோடு பல ஆண்டுகள் பேசவில்லை. காரணம், தான் பேசியதை அச்சில் போட்டுவிட்டார் என்பது. பேசியது தப்பில்லை, அச்சில் வந்ததுதான் தப்பு.

பயம் வேலை செய்கிறது என்று பயிற்சியாளர்கள் ஏன் இவ்வளவு உறுதியாக நம்புகிறார்கள்? உளவியலாளர் டேனியல் கானமன் இதற்கு ஓர் அழகான விளக்கம் சொல்கிறார். இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் ஒருமுறை, தண்டிப்பதைவிடப் பாராட்டுவது பயன் தரும் என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தாராம். அனுபவஸ்தர் ஒருவர் எழுந்து மறுத்தார். நன்றாக ஓட்டிய பையனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனைத் திட்டினால் அடுத்த முறை சரியாக ஓட்டுகிறான், இது நான் கண்ணால் பார்த்தது என்றார். அவர் பார்த்தது உண்மை. ஆனால் காரணம் திட்டு அல்ல. யாருமே தன் சராசரியைவிட ரொம்ப மோசமாக ஒன்றைச் செய்தால், அடுத்த முறை பெரும்பாலும் சராசரிக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள். ரொம்ப நன்றாகச் செய்தவனும் அப்படியே கீழே இறங்குவான். இடையில் நீங்கள் திட்டினாலும் சரி, காபி குடித்துக்கொண்டிருந்தாலும் சரி. இதனால், அடிக்கிறவனுக்கு வாழ்க்கை திரும்பத் திரும்ப "பலன் கிடைத்தது" என்று காட்டிக்கொண்டே இருக்கும். பாராட்டுகிறவனுக்கு எதிர்மாறாகக் காட்டும். எங்கள் கோச் சார் ஒவ்வொரு நாளும் தன் கண்ணாலேயே ஆதாரம் பார்த்திருப்பார். பாவம், அவரை எப்படிக் குறை சொல்ல?

அதே ஆட்டத்தில், அதே காலத்தில், வேறு மாதிரி ஆட்கள் இருந்தார்கள். கலிஃபோர்னியாவில் யூ.சி.எல்.ஏ பல்கலைக்கழகத்தின் ஜான் வுடன் 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள் வென்றவர். பருவத்தின் முதல் நாள் வீரர்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பது சாக்ஸ் போடுவது எப்படி என்பது. சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது. அவருடைய கடைசிப் பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கேலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பயிற்சியின்போது கேலரியில் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் வகை பிரித்துக் குறித்தார்கள். மொத்தம் 2,326 பதிவுகள். பாராட்டு நூற்றுக்கு ஏழு அளவில், அதிருப்தியும் ஏறக்குறைய அதே அளவு. முக்கால் பங்கு வெறும் தகவல்: காலை இங்கே வை, பந்தை இப்படிப் பிடி, இப்போது திரும்பு. அவரும் புனிதர் இல்லை. வீரர்களுக்குச் சலுகைகளை வாரி வழங்கிய சாம் கில்பர்ட் என்ற பணக்காரர் விஷயத்தில் கண்டும் காணாமல் இருந்துவிட்டார் என்ற பேச்சு அவரை விடவில்லை. ஆனால் பத்துப் பட்டங்கள் வெல்ல யாருடைய கழுத்தையும் பிடிக்கவேண்டியதில்லை என்பதற்கு அவர் சாட்சி.

வட கரோலினாவின் டீன் ஸ்மித் இன்னொருவர். 1965இல் ஒரு தோல்விக்குப் பிறகு சொந்த மாணவர்களே அவருடைய உருவபொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அவர் அங்கேயேதான் 36 பருவங்கள் இருந்தார். கறுப்பின மாணவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் விளையாட்டு உதவித்தொகையே கொடுத்திராத காலத்தில் சார்லி ஸ்காட்டை அழைத்து வந்து ஆடவைத்தார். அவருடைய அணியில் ஒரு வழக்கம் உண்டு. பந்தைக் கூடையில் போட்டவன், தனக்குப் பாஸ் கொடுத்தவனை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். கைதட்டல் வாங்குபவன் அந்த நொடியிலேயே அதைப் பங்கு வைக்கவேண்டும். 1981 இறுதிப் போட்டியில் நைட்டின் இண்டியானா இவருடைய அணியைத் தோற்கடித்தது. அடுத்த ஆண்டு இவர் பட்டம் வென்றார். ஓய்வு பெறும்போது 879 வெற்றிகள், அன்றைக்கு அதுதான் சாதனை. 2007 புத்தாண்டு நாளில் அதை முறியடித்தவர் நைட்.

ஸ்மித் 2015இல் இறந்தார். கொஞ்ச நாளில் அவருடைய பழைய வீரர்கள் ஏறத்தாழ 180 பேருக்கு ஆளுக்கு 200 டாலர் காசோலை தபாலில் வந்தது. வெளியே போய் ஒரு வேளை நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள், கோச்சின் கணக்கில், என்று உயில் எழுதி வைத்திருந்தார். நட்சத்திரமாக இருந்தவருக்கும் பெஞ்சில் இருந்தவருக்கும் ஒரே தொகை. இதைப் படித்த அன்று நான் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே ஒரு பொறியில் விழுந்துவிடக்கூடாது. வுடனும் ஸ்மித்தும் ஜெயித்தார்கள், எனவே அடி தேவையில்லை என்று நான் வாதிட்டால், நாளைக்கே யாராவது எண்ணிக் காட்டலாம்: ஸ்மித் 36 ஆண்டில் இரண்டு பட்டம், நைட் 29 ஆண்டில் மூன்று. அப்போது என்ன செய்வது? கழுத்தைப் பிடித்தால் ஒரு பட்டம் கூடுதலாகக் கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். பிடிக்கலாமா?

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி, ஓவியர் பால் கோகானை மாதிரியாக வைத்து இப்படியொரு கேள்வியை எழுப்பினார். குடும்பத்தைக் கைவிட்டுவிட்டு ஓவியம் வரையத் தீவுக்குப் போகிறான் ஒருவன். மகத்தான ஓவியனாகிவிட்டால் அவன் செய்தது சரியாகிவிடுமா? ஆகாமல் போயிருந்தால் தப்பா? அவன் எடுத்த முடிவின் நியாயம், அவன் கையில் இல்லாத அதிர்ஷ்டத்தில் தொங்குகிறதே என்பது வில்லியம்ஸின் கவலை. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. அவன் ஜெயித்தால் அவனுக்குத் தன் முடிவைப் பற்றிச் சமாதானம் கிடைக்கலாம். ஆனால் கைவிடப்பட்டவர்கள் அவனைக் குறைசொல்லும் உரிமை அதனால் போய்விடாது. ஓவியம் நன்றாக வந்துவிட்டது என்பது பசித்த பிள்ளைக்குப் பதில் இல்லை.

பயிற்சியாளர் விஷயத்தில் இன்னும் சிக்கல், ஏனென்றால் இங்கே அடிபட்டவனே வந்து நன்றி சொல்கிறான். 2006இல் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில், ஆட்டத்தின் நடுவே நைட் ஒரு வீரரின் தாடையில் கை வைத்து முகத்தை வெடுக்கென்று தூக்கினார். நாடு முழுக்கக் காட்டினார்கள். அந்த வீரரும் அவருடைய பெற்றோரும் கோச் பக்கமே நின்றார்கள். சம்பந்தப்பட்டவனே "எனக்குப் பிரச்சினை இல்லை" என்கிறான். பிறகு உனக்கென்ன?

இதற்கு எளிதான பதில், அவர்கள் மூளைச்சலவை செய்யப்பட்டவர்கள் என்பது. அந்தப் பதிலை நான் ஏற்கமாட்டேன். ஏனென்றால் நானும் அந்தப் பதினேழு பேரில் ஒருவன். என் நன்றி போலி இல்லை. அந்தச் சிமெண்ட் தரையில் கற்றதில் பாதி இன்னும் என்னோடு இருக்கிறது. என் மனதை என்னைவிட நன்றாகப் படித்துவிட்டதாக ஒரு அந்நியன் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். மறுபக்கம், நன்றிக்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். பட்ட அடி வீண் என்று ஒத்துக்கொள்வது பட்ட நாளைவிட அதிகம் வலிக்கும். அதற்கு ஒரு அர்த்தம் இருந்தே ஆகவேண்டும். அர்த்தம் கொடுக்க வசதியாக ஒரு கோப்பையும் ஒரு சான்றிதழும் இருந்தால் மனசு சும்மா விடுமா?

சரி, நன்றி உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. என் தொடையில் விழுந்ததை நான் மன்னிக்கலாம், மறக்கலாம், கொண்டாடக்கூடச் செய்யலாம். அது என் தொடை. ஆனால் அந்த நன்றி இன்னொருவனுடைய கழுத்துக்குச் செல்லுபடியாகுமா?

நீல் ரீட் என்ற பையன் இண்டியானாவில் மூன்று பருவங்கள் ஆடினான். 1997இல் அங்கிருந்து விலகி சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு மாறினான். இந்த "மாறினான்" என்ற சொல் லேசாகத் தெரியலாம். அன்றைய விதிப்படி உதவித்தொகை ஓராண்டுக்குத்தான், ஆண்டுதோறும் கோச் மனம்வைத்துப் புதுப்பிக்கவேண்டும். பையன் வேறு கல்லூரிக்குப் போனால் ஒரு வருடம் ஆட முடியாது. கோச் வேறு கல்லூரிக்குப் போனால் மறுநாளே வேலை பார்க்கலாம். யார் யாருக்குப் பயப்படவேண்டும் என்பது காகிதத்திலேயே எழுதியிருந்தது.

2000 மார்ச்சில் ரீட் தொலைக்காட்சியில் சொன்னார்: பயிற்சியின்போது நைட் என் கழுத்தைப் பிடித்தார். நைட் தரப்பு மறுத்தது. கூட ஆடியவர்களில் சிலரும், அங்கே இருந்தவர்களும், அப்படி நடக்கவே இல்லை என்றார்கள். ரீட் காழ்ப்பில் பேசுகிறார், தாங்க முடியாமல் ஓடியவர் என்றெல்லாம் பேச்சு. அடுத்த மாதம் அந்தப் பயிற்சியின் வீடியோ வெளியே வந்தது. மங்கலான படம். ஒரு கை கழுத்தில் போய் நிற்கிறது. சில நொடிகள்தான்.

அதைப் பார்த்தபின் பேச்சு மாறிய விதம் கவனிக்கவேண்டியது. அதுவரை "நடக்கவில்லை" என்றவர்கள் இப்போது "இவ்வளவுதானா" என்றார்கள்.

இந்த இடத்தில்தான் என் மலர்க் கட்டுரை நின்றுபோனது என்று நினைக்கிறேன். எங்கள் அணியில் பதினெட்டாவதாக ஒருவன் இருந்தான். பத்தாம் வகுப்பில், மகளிர் அணியும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கோச் சார் அவனைக் காதோடு சேர்த்து அறைந்தார். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாள் அவனுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். ஹெட்மாஸ்டர் எங்களில் நான்கு பேரைக் கூப்பிட்டு விசாரித்தார். நானும் இருந்தேன். "அடிக்கல சார். விளையாடும்போது பந்து பட்டுச்சு" என்றேன். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாக வந்தது. மண்டலப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. அவனுடைய அப்பா என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லாமல் வணக்கம் போட்டுவிட்டுப் போனார். அவன் அதன்பின் பந்தைத் தொடவில்லை. நாங்கள் "அவனால தாங்க முடியலடா" என்று பேசிக்கொண்டோம். ஜெயித்தும் வந்தோம்.

கோச் சாரை வாழ்த்தி நான் எழுதப்போகும் இரண்டு பக்கத்துக்கு அந்தப் பதினெட்டாவது ஆளிடம் என்ன மதிப்பு? "அவர் அடித்ததால் உருவானோம்" என்று பதினேழு பேர் சொல்லும்போது, அவனைப் பற்றி வாய் திறக்காமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: நீ உருவாகாதது உன் குறை. எங்கள் நன்றி அவனுடைய வாயை மூடும் துணியாகிவிடுகிறது. ரீட்டுக்கு நடந்ததும் அதுதான். அவருக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட சாட்சி வேறொன்றும் இல்லை, மற்றவர்களின் நன்றிதான்.

நைட்டின் கதை அதன்பின் வேகமாக முடிகிறது. 2000 மே மாதம் பல்கலைக்கழகத் தலைவர் மைல்ஸ் பிராண்ட் அவருக்கு மூன்று ஆட்டத் தடையும் 30,000 டாலர் அபராதமும் விதித்து, இனி ஒரு தவறையும் பொறுக்கமாட்டோம் என்று அறிவித்தார். செப்டம்பரில் ஒரு முதலாண்டு மாணவன் எதிரே வரும்போது மரியாதையில்லாமல் "என்ன நைட்" என்கிற பாணியில் கூப்பிட, அவனுடைய கையைப் பிடித்து நிறுத்தி மரியாதையைப் பற்றிப் பாடம் எடுத்தார். செப்டம்பர் 10 அன்று வேலை போனது. அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பிராண்டின் உருவபொம்மையை எரித்தார்கள். கையைப் பிடித்து நிறுத்தப்பட்ட அந்தப் பையனுக்கு மிரட்டல்கள் வந்தன. பையனுக்கு!

நைட் டெக்சஸ் டெக்குக்குப் போய் இன்னும் 138 ஆட்டங்கள் ஜெயித்து, மொத்தம் 902இல் நிறுத்தினார். அந்தக் கணக்கைத் தாண்டியவர், வெஸ்ட் பாயிண்டில் அவருக்குக் கீழே கேப்டனாக இருந்து பின்னர் டியூக்கின் பயிற்சியாளரான மைக் ஷெஷெவ்ஸ்கி. தன்னை வெளியேற்றிய அரங்கத்துக்கு நைட் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திரும்பவே இல்லை. 2020 பிப்ரவரி 8 அன்று, அதே பர்டியூவுக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில், மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வர, பழைய வீரர்கள் சூழ வந்தார். தளர்ந்திருந்தார். ஐசையா தாமஸ் உட்படப் பலர் கண் கலங்கி நின்றார்கள். அந்த வீடியோவைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்தது, அதை மறைக்கப்போவதில்லை. 2023 நவம்பர் 1 அன்று புளூமிங்டனிலேயே இறந்தார். வயது 83.

நீல் ரீட் அந்த அரங்கத்தில் இல்லை. 2012இல், 36 வயதில், மாரடைப்பில் இறந்துவிட்டிருந்தார். கடைசிக் காலத்தில் கலிஃபோர்னியாவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகவும் கோச்சாகவும் இருந்தார்.

விழாவுக்கு நான் இரண்டாயிரம் அனுப்பினேன். போகவும் செய்தேன். கோச் சார் காலில் விழுந்தேன், அவர் என் முதுகில் தட்டி "தொப்பையைக் குறைடா" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. மலருக்கு மட்டும் எழுதித் தரவில்லை, வேலை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டேன். மறுபடியும் ஒரு பொய்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, யார் யாரிடமோ கேட்டு அந்தப் பதினெட்டாவது ஆளின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டிருந்தேன். அவன் இப்போது பக்கத்து டவுனில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். பேரைச் சொன்னதும் கண்டுபிடித்துவிட்டான்.

"டேய், எப்படிடா இருக்க? இருபது வருஷம் ஆச்சு."

விழாவைப் பற்றிச் சொன்னேன். "அப்படியா, நல்லது. நல்லா இருக்கட்டும் மனுசன்" என்றான். ஹெட்மாஸ்டர் ரூமில் நான் சொன்னதைப் பற்றி ஆரம்பித்தேன். வாய் குழறியது.

"தெரியும்டா. அப்பா அன்னிக்கே சொன்னாரு." கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. கடையில் யாரோ ஹோல்டர் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான். "சின்னப் பசங்க, விடு. மலருன்னு சொன்னியே, பழைய டீம் போட்டோ போடுவீங்கல்ல? அதுல எம்பேர் மட்டும் போடாத."

சரி என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன்.

"ஒரே பொண்ணுடா. எட்டாவது. பாஸ்கெட்பால்தான் ஆடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. சேத்துவிட்டுட்டேன். சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் ப்ராக்டிஸ். கடையைப் பையன்கிட்ட விட்டுட்டு நான் போய் கிரவுண்டுல உக்காந்துக்குவேன்."

"தினமுமா?"

"தினமும்தான். சும்மா உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."